மரியசெல்வி டீச்சரும் பழைய மாணவிகள் சங்கமும்

"ஆண்டாள் இருக்காங்களா?"

"நான்தான் ஆண்டாள். இன்னா வேணும்?"

கதவுக்கு உள்ளே நின்ற அம்மாளுக்கு அறுபது வயதுக்குக் குறையாது. மூக்கின் இரண்டு பக்கமும் பேசரி மின்னியது. மரியசெல்வி தேடி வந்தது தன் வயதுப் பெண்ணை. மரக்காணத்திலிருந்து வெயிலில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்கி, மூன்று தெருவில் விசாரித்து இந்த ரைஸ்மில் வீட்டைக் கண்டுபிடித்திருந்தாள்.

"காலேஜ்ல எங்கூட படிச்ச ஆண்டாளைப் பாக்க வந்தேங்க. இந்த வீட்டுலதான் குடுத்திருக்கறதா சொன்னாங்க."

"அது எம் மருமவ. அவள நாங்க இங்க ஜோதின்னு கூப்புடறது. ஒரு வூட்டுல ரெண்டு ஆண்டாளா வெச்சிக்க முடியும்?" அந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். "நீ எந்த ஊரு?"

"மரக்காணங்க."

"அளம் வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. அப்பா அளத்துல கூலி வேல. நான் டீச்சரா இருக்கேன்."

உப்பளத்தில் கூலி என்றதும் கதவு பாதி சாத்திக்கொண்டது. "அவ தூங்கறா. இன்னொரு நாளைக்கு வா."

தூங்குகிறவளின் வளையல் சத்தம் உள்ளேயிருந்து நன்றாகக் கேட்டது. அம்மியில் ஏதோ அரைபடும் சத்தமும் கூடவே கேட்டது. மரியசெல்வி குரலை வேண்டுமென்றே உயர்த்தி, "மே மாசம் முதல் ஞாயித்துக்கெழம, காலேஜ்ல பழைய பொண்ணுங்க எல்லாம் கூடறோம். மறக்காம சொல்லுங்க" என்றாள்.

அம்மி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் ஓடத் தொடங்கியது.

"சொல்றேன், சொல்றேன்" என்று அந்த அம்மாள் கதவைச் சாத்தினாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஏப்ரல் மாதம் அது. மரியசெல்விக்கு அப்போது முப்பது வயது. மரக்காணம் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. கணவன் சேவியர்ராஜ் உப்பு டிப்போவில் லாரிகளுக்கு லோடு போட்டு அனுப்புகிற கிளார்க். குழந்தை இல்லை, அதைப் பற்றி ஊர் பேசுவதை இருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பள்ளிக்கூடம், பூசை, வீடு என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவளை இப்படி ஊர் ஊராகக் கதவு தட்ட வைத்தது முந்தின டிசம்பரில் அடித்த புயல்.

அந்தப் புயலில் மரக்காணத்து அளங்களின் வரப்பெல்லாம் கரைந்து, பாத்தி எது, ஓடை எது என்று தெரியாமல் போயிற்று. அதே ராத்திரி, திண்டிவனத்தில் வியாகுல மாதா பெண்கள் கல்லூரி ஹாஸ்டலின் ஓடுகள் பறந்தன. உத்திரம் விழுந்து சாப்பாட்டு அறைச் சுவர் பிளந்தது. நல்லவேளையாக ஒரு பெண்ணுக்கும் அடிபடவில்லை. மிச்ச மாதங்களைப் பெண்கள் வகுப்பறைகளில் பாய் விரித்துத் தள்ளினார்கள். ஜூன் முதல் ஹாஸ்டல் கிடையாது என்று கல்லூரிப் பிரின்சிபால் மதர் அறிவித்துவிட்டார்.

அறிவிப்பைக் கேட்டுத் தகரப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தவர்களில் மரியசெல்வியின் தங்கை லீமாவும் ஒருத்தி. அப்போது பி.எஸ்சி. முதல் வருஷம். அவர்கள் அப்பா சிலுவைமுத்து பெட்டியைப் பார்த்துவிட்டு, "சரி, படிச்ச வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டார். மரக்காணத்திலிருந்து தினம் போய்வர முடியாது. காலை முதல் பஸ் போய்ச் சேருவதற்குள் காலேஜில் முதல் வகுப்பு முடிந்திருக்கும். சாயங்காலம் லேப் முடித்து வந்தால் கடைசி பஸ் போயிருக்கும். கரையோரத்துப் பெண்களுக்கு ஹாஸ்டல் இருந்தால்தான் காலேஜ். இல்லாவிட்டால் அளம், அல்லது கல்யாணம்.

மரியசெல்வி நேராக மதரிடம் போனாள். மதர் அலெக்சியா அவளுக்கு இங்கிலீஷ் எடுத்தவர்.

"ஸ்தோத்திரம் மதர். ஹாஸ்டலை மூடாதீங்க."

"மூடணும்னு எனக்கு ஆசையா செல்வி? எங்க சிஸ்டர்ஸ் சபையில இப்ப முடியாதுன்னு சொல்லிட்டாங்க. பள்ளிக்கூடங்களைத்தான் மொதல்ல சரி பண்ணுவாங்களாம்." மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆம்பளப் பசங்க காலேஜ்ல பாரு. பழைய மாணவர் சங்கம்னு வெச்சிருக்காங்க. புயலடிச்ச மறு வாரமே வக்கீல், டாக்டர் எல்லாம் வந்து நின்னாங்க. நம்ம பொண்ணுங்க கேட்டத் தாண்டிப் போனா போனதுதான். ஒரு கிறிஸ்துமஸ் கார்டு கூட வர்றதில்ல."

அந்தப் பேச்சு மரியசெல்விக்குச் சுருக்கென்று தைத்தது. கோபத்தில் சொன்னாள்: "நான் கூட்டிட்டு வர்றேன் மதர்."

"செய்யி" என்றார் மதர். அன்றே அவளைச் சங்கத்தின் செயலாளர் ஆக்கிவிட்டார். இல்லாத சங்கத்துக்கு முதல் செயலாளர். யார் யாரைக் கூப்பிடலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு சாலம்மாளிடம் வந்ததும் மதர், "அந்தப் பொண்ணு வேண்டாம்" என்றார். சாலம்மாள் மரியசெல்வியின் வகுப்புத்தான். கட்டிக்கொடுத்த மூன்றே மாதத்தில் குடிகாரப் புருஷனை விட்டுவிட்டு வந்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்துத் தனியாக இருந்தாள். மரியசெல்வி ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. சங்கம் ஆரம்பிக்கும்போதே எதற்கு வம்பு என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலைப் பூசை முடிந்ததும் பஸ். "உனக்கு மட்டும் வாரத்துக்கு ரெண்டு பூச" என்பான் சேவியர்ராஜ். "ஒண்ணு கோவில்ல, ஒண்ணு பஸ்ல." கிண்டல் பண்ணினாலும் மத்தியானச் சோற்றை அவனே வடித்துக்கொண்டான். தடுக்கவில்லை. ஆனால் அவளோடு ஒருநாளும் கூட வந்ததுமில்லை.

கடிதம் போட்டுப் பார்த்தாள். போன கடிதங்கள் பெண்களின் அப்பா வீட்டு வாசலோடு நின்றன. அங்கிருந்து மாமியார் வீட்டுக்கு யாரும் அனுப்பவில்லை. அனுப்பிய ஒன்றிரண்டையும் புருஷன்மார் பிரித்துப் படித்தார்கள். "எனது மனைவிக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று ஒரு தாசில்தார் எழுதியிருந்தார். அவருடைய மனைவி காலேஜில் மூன்று நாடகத்தில் கதாநாயகனாக நடித்தவள். ஈடுபாடு இல்லை என்று எழுதியதைப் படித்து மரியசெல்விக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கடிதம் வேண்டாம், நேரில் போய்விடுவது என்று முடிவு பண்ணினாள். நேரில் போனால் "தூங்கறா", "ஊருக்குப் போயிருக்கா", "யாரு நீ?" மூன்றில் ஒன்றுதான் பதில்.

மே மாதம் கூட்டம் நடந்தது. கன்னியாஸ்திரிகள் ஹாலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அண்டா நிறைய எலுமிச்சம்பழ ஜூஸ் கலக்கி வைத்திருந்தார்கள். வந்தவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். அதிலும் ஒருத்தி கைக்குழந்தை அழுகிறது என்று பாதியில் எழுந்து வராந்தாவுக்குப் போனவள் திரும்பவே இல்லை.

செஞ்சியிலிருந்து வந்தவள் கணவனோடு வந்திருந்தாள். த்ரோபால் டீமுக்குக் கேப்டனாக இருந்தவள். எதிர் டீம்காரிகளை அதட்டியே பாதி ஆட்டத்தை ஜெயித்தவள். இப்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேசியதெல்லாம் கணவர் கலியபெருமாள்தான்.

"ஹாஸ்டலைப் பாத்துக்க வேண்டியது மேனேஜ்மென்டுங்க. படிச்சி முடிச்சிட்டுப் போனவங்களக் கூப்ட்டு ஓடு போட்டுக் குடுன்னா எப்படி?"

"அத அவளே சொல்லட்டுமே சார்" என்றாள் மரியசெல்வி.

"அவ சொல்றதத்தானே நான் சொல்றேன்."

மரியசெல்வி தோழியின் முகத்தைப் பார்த்தாள். அவள் நிமிரவில்லை. மரியசெல்விக்குக் காது மடல் சூடேறியது. எதிரில் மதர் உட்கார்ந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் மதர் எழுந்து, "கடவுள் வழி காட்டுவார்" என்று ஒரு ஜெபம் சொல்லி முடித்துவைத்தார். அண்டாவில் மீந்த ஜூஸைப் பாதர் வீட்டுத் தோட்டக்காரர் பிள்ளைகள் குடித்துத் தீர்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சேவியர்ராஜ், "எத்தினி பேரு வந்தாங்க?" என்றான்.

"கேக்காதீங்க."

அவன் கேட்கவில்லை. லீமாவும் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து லீமா அப்பாவோடு அளத்துக்குப் போனாள். காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவள் பாத்தியிலிருந்து வாரிப்போட்ட உப்பைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டினாள். சாயங்காலம் காலில் உப்பு அரித்த புண்ணுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு அக்கா முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "நீ போயி கெஞ்சறது எனக்குப் புடிக்கல. விடு."

மரியசெல்வி விட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். அப்போதுதான் ஜூன் மாதம் ஒரு நாள், ரைஸ்மில் வீட்டு மருமகள் ஆண்டாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். கையில் பூமீஸ்வரர் கோயில் விபூதிப் பொட்டலம் இருந்தது.

"கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்தேன். மொதல்ல கோயிலுக்குப் போயி இத வாங்கிட்டேன். வீட்டுல காட்டணும்ல" என்றாள். ஆள் பருத்திருந்தாள். குரல் மட்டும் மாறவில்லை. "அன்னிக்கி நீ பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டேதான் அரைச்சேன் செல்வி. எழுந்து வந்திருக்கணும். வரல."

மரியசெல்விக்குத் திட்டவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. டீக்கடையிலிருந்து டீ வாங்கிவரச் சொல்லி, காலி வகுப்பறையில் உட்கார வைத்தாள்.

ஆண்டாள் ஒரு யோசனையோடு வந்திருந்தாள். "ஹாஸ்டல் இல்லேன்னா வீடு இருக்குதே. திண்டிவனத்துல நம்ம காலேஜ்ல படிச்சவ எவ்ளோ பேரு வாழ்க்கப்பட்டிருக்கோம். ஆளுக்கு ஒரு பொண்ண வீட்டுல வெச்சிக்கிட்டா என்ன? ஓடு போடச் சொன்னாத்தானே புருஷன் வருவான் பதில் சொல்ல? ஒரு பொண்ணு சாப்ட்டுட்டுப் படுத்துக்கறதுல என்ன கெட்டுப்போவுது? உன் தங்கச்சிய நான் வெச்சிக்கிறேன். மாமியாருகிட்ட கேட்டுட்டேன்."

"ஒத்துக்கிட்டாங்களா?"

"கூடமாட ஒத்தாசைக்கு ஆச்சுன்னு சொன்னேன். அப்பறம்தான் சரின்னாங்க."

அந்தக் கடைசி வார்த்தை மரியசெல்விக்கு உறுத்தியது. ஆனாலும் லீமாவை அளத்திலிருந்து மீட்கக் கிடைத்த ஒரே வழியை எப்படி விடுவது? அந்த வாரமே லீமா தகரப்பெட்டியோடு ரைஸ்மில் வீட்டுக்குப் போனாள்.

மற்ற பெண்களுக்கும் இடம் பார்க்க, மரியசெல்வி திண்டிவனத்தில் பழைய மாணவிகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் போனாள். இந்த முறை கதவு திறந்தது. மோர் கொடுத்தார்கள். யோசனை நல்லதுதான் என்றார்கள். எல்லாம் பேசி முடித்து, எழுந்து செருப்பு மாட்டும் நேரத்தில் வீட்டுக்கார அம்மாளோ ஐயாவோ அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். "பொண்ணு எந்த ஆளுங்க?" பதில் சொன்னதும் மாடியில் மச்சினன் இருக்கிறான், வயசுப் பையன், தோதுப்படாது என்று ஏதாவது ஒன்று முளைத்தது. கூடப் படித்தவர்கள் ஓரமாக நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஹாஸ்டலில், ஒரே பந்தியில் வருஷக்கணக்காகச் சாப்பிட்டவர்கள்தான் எல்லாரும். அதை நினைத்து நினைத்து மரியசெல்வி பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

லீமாவைத் தவிர ஒருத்திக்கும் இடம் கிடைக்கவில்லை. ஹாஸ்டலில் இருந்த எக்கியார்குப்பத்துப் பெண் ஒருத்திக்கு ஆவணியில் கல்யாணமாயிற்று. பந்தியில் பரிமாறும்போது அந்தப் பெண்ணின் அம்மா, "எடம் கெடச்சிடுச்சின்னு நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்தோம் டீச்சர்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றைக்கு மரியசெல்வி சாப்பிடவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு லீமா வந்தாள். கையைப் பார்த்தால் பாறையில் தேய்த்தது போல வெடித்திருந்தது.

"என்னடி இது?"

"அரிசி பொடைக்கறதுக்கும் மாவு அரைக்கறதுக்கும் நடுவுல பி.எஸ்சி." லீமா சிரிக்கப் பார்த்தாள். "சோறு பின்னால கொட்டாயில. தட்டு தனி, டம்ளரு தனி. நானே கழுவி நானே கவுத்து வெக்கணும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சண்டைக்கு வருவ. இருக்கற எடமும் போயிடும். பரீட்ச எழுதணுமில்ல?"

மரியசெல்வி மறுநாளே கிளம்பிவிட்டாள். ரைஸ்மில் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த ஆண்டாளைப் பிடித்து, வேலையாட்கள் பார்க்கிறார்களே என்றுகூட யோசிக்காமல் கேட்டாள்: "இதுக்கா கோயில் விபூதியோட வந்த?"

ஆண்டாள் கையிலிருந்த பலகையைக் கீழே போடவில்லை. "அவளுக்குத் தனித் தட்டு வெச்ச அன்னிக்கி, இது கூடாதுன்னு சொன்னேன். அதுலேர்ந்து வீட்டுல எங்கூட யாரும் பேசல. எங்க அண்ணனக் கூப்ட்டு அனுப்பி, உன் தங்கச்சிக்கிப் புத்தி சொல்லுன்னாங்க. நான் வாய மூடிக்கிட்டேன். மூடிக்கிட்டா அவ படிப்பாவது நடக்கும்னு நெனச்சேன். வேற என்ன செய்யட்டும் செல்வி? நீயே சொல்லு."

சத்தம் போட வந்த மரியசெல்விக்கு யாரைப் பார்த்துச் சத்தம் போடுவதென்று தெரியவில்லை. களத்து ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டாள்.

விடுமுறை முடிந்தது. லீமா பெட்டியைக் கட்டிக்கொண்டு, "நான் அந்த வீட்டுக்குப் போகல. டைப்ரைட்டிங் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"எந்த டைப்ரைட்டிங் அக்கா?"

"உங்கூட படிச்சவங்கதான். சாலம்மாள் அக்கா. மில்லு வீட்டுல வெளக்க சீக்கிரம் அணைச்சிடுவாங்க. படிக்க எடமில்லன்னு தெனம் சாயங்காலம் அங்கதான் போயி உக்காருவேன். பின்னால ஒரு ரூம் சும்மா இருக்குது, வந்து இருன்னு அவங்களே சொன்னாங்க."

மரியசெல்வி லீமாவோடு போனாள். முன்னறையில் நாலைந்து மிஷின்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. வேலை தேடும் பையன்களும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சாலம்மாள் ஒரு பையனின் விரலை ஸ்கேலால் தட்டி, "பாக்காம அடிடா" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். காலேஜில் இருந்த அதே ஒல்லி. தலை மட்டும் முன்பக்கம் நரைத்திருந்தது.

"வா செல்வி. ஹாஸ்டல் மூடுனதுக்கு இந்த ஊருல அத்தன கதவையும் தட்டினியாமே. என் வீடு பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதுருலதான் இருக்குது. எறங்கினதும் தெரியுமே."

மரியசெல்விக்கு முகம் சுண்டிப்போயிற்று. "மதர் வேண்டாம்னாங்க" என்றாள். சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

"மதர் சொன்னாங்க, சரி. நீ?" என்றாள் சாலம்மாள். பதிலுக்குக் காத்திராமல், "லீமா, பெட்டியப் பின்னால வை. சோத்துப்பானைல பழையது இருக்குது, ரெண்டு பேரும் சாப்டுங்க" என்று மிஷின்களைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாசம் முடிவதற்குள் மதரின் காதுக்குப் போய்விட்டது. மரியசெல்வியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாள் முழுக்க ஆம்பளப் பசங்க வந்து போற எடம். புருஷன விட்டுட்டு வந்தவ வீடு. நம்ம காலேஜ் பொண்ணு அங்க தங்கறான்னு நாலு பேரு பேசினா, மத்தப் பொண்ணுங்களையும் வீட்டுல நிறுத்திடுவாங்க. நான் அதையும் பாக்கணும்ல செல்வி?"

"அப்ப ஹாஸ்டலத் தெறங்க மதர். நாளைக்கே கூட்டிட்டு வந்துடறேன்."

"முடிஞ்சா செய்ய மாட்டேனா?"

"அவங்க ஒருத்தர்தான் மதர் எந்த ஆளுங்கன்னு கேக்காம கதவத் தெறந்தது. அவங்களும் இந்தக் காலேஜ்ல படிச்சவங்கதான்."

மதர் ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தார். பிறகு, "எனக்கு எதுவும் தெரியாது. ரிஜிஸ்டர்ல உன் வீட்டு விலாசம்தான் இருக்குது. அதுவே இருக்கட்டும்" என்றார். அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. மரியசெல்விக்கு அந்த நழுவல்தான் அதிகம் எரிந்தது. வேண்டாம் என்றால் எதிர்த்துப் பேசலாம். சரி என்றால் நன்றி சொல்லலாம். தெரியாது என்பவரை என்ன செய்வது?

லீமா சாலம்மாள் வீட்டிலிருந்தே பி.எஸ்சி. முடித்தாள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர் வேலையும் கிடைத்தது. அவள் போவதற்கு முன்பே கரையோரத்திலிருந்து வேறு பெண்கள் அந்தப் பின்னறைக்கு வந்திருந்தார்கள். அரிசியும் கருவாடும் ஊரிலிருந்து வரும். சமையல் முறை வைத்துச் செய்துகொண்டார்கள். ஆண்டாள் மில்லிலிருந்து அவ்வப்போது நொய் மூட்டை அனுப்பினாள். மாமியாருக்குத் தெரிந்து அனுப்பினாளா, தெரியாமலா என்று யாரும் கேட்கவில்லை. மரியசெல்வி மறுபடி அவளோடு பேச ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவசரமாக ஒரு பெண்ணை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தபோது, வேறு யாரும் இல்லாமல் ஆண்டாளைத்தான் கூப்பிட்டாள். அவள் உடனே வந்தாள். அவ்வளவுதான் சமாதானம்.

சங்கம் என்ற பெயரில் மே மாதக் கூட்டமும் ஒவ்வொரு வருஷமும் நடந்தது. மரியசெல்விதான் செயலாளர். அந்த வேலையை வேறு யாரும் கேட்கவில்லை. வருகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினார்கள். பெரிய உத்தியோகஸ்தர் மனைவி ஒருத்தி தலைவியானதும் மற்ற வீடுகளிலும் அனுப்ப ஆரம்பித்தார்கள். பட்டுப்புடவை கட்டி வந்து, பழைய பாட்டு பாடி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஹாஸ்டல் பேச்சை எடுத்தால், "பண்ணலாம், பண்ணலாம்" என்றார்கள். சாலம்மாளைக் கூப்பிட வேண்டும் என்று மரியசெல்வி ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

கடைசியில் ஹாஸ்டலைக் கட்டியது சங்கம் இல்லை. ஜெர்மனியிலிருந்து சபைக்கு வந்த உதவியில் கான்கிரீட் கட்டடம் எழும்பியது. எழுபத்தாறு ஜூனில் பிஷப் ஆண்டவர் வந்து மந்திரித்துத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. அழைப்பிதழில் 'பழைய மாணவிகள் சங்கத்தின் அயராத முயற்சியால்' என்று அச்சாகியிருந்தது. நன்றியுரை: செயலாளர்.

மரியசெல்வி அழைப்பிதழை எடுத்துக்கொண்டு மதரிடம் போனாள். "மூணு வருஷமா ஹாஸ்டல் நடத்தினது சாலம்மாள் மதர். அவங்க பேரச் சொல்லாம நான் யாருக்கு நன்றி சொல்றது?"

"ஆண்டவர் முன்னாடி அந்தப் பேச்செல்லாம் வேண்டாமே. இன்னொரு சந்தர்ப்பத்துல நாமே அவளுக்கு ஒரு சால்வை போட்டுடலாம்."

"கூப்பிடவாவது செய்யலாமில்லையா?"

"செல்வி, நல்ல நாளுல மனசக் கெடுத்துக்காத."

விழா அன்று மரியசெல்வி நல்ல புடவை கட்டி, சேவியர்ராஜ் வாங்கித் தந்த பூ வைத்துக்கொண்டு, திண்டிவனத்தில் இறங்கினாள். காலேஜ் பக்கம் போக ரிக்‌ஷாவெல்லாம் தயாராக நின்றன. அவள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் இன்ஸ்டிடியூட்டுக்குள் நுழைந்தாள். ஞாயிற்றுக்கிழமையானதால் மிஷின்களுக்கு உறை போட்டிருந்தது. பெண்கள் எல்லாரும் விழாவுக்குப் போயிருந்தார்கள். சாலம்மாள் தனியாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இங்க எதுக்கு வந்த? அங்க ஆரம்பிச்சிருப்பாங்க."

"கேக்குது" என்றாள் மரியசெல்வி. இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் ஒலிபெருக்கி சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. ஆண்டவர் பேசினார். தலைவி பேசினாள். 'அயராத முயற்சி' என்று அவளும் சொன்னாள். மரியசெல்வி தரையில் உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

"உனக்குக் கோவம்னா நீ மேடையில ஏறி என் பேரச் சொல்லியிருக்கணும்" என்றாள் சாலம்மாள். "இல்லியா, அவங்க சொன்னபடி பேசிட்டு வந்திருக்கணும். இங்க வந்து ஒக்காந்தா யாருக்கு என்ன தெரியும்? ஒடம்பு சரியில்லன்னு நெனச்சிப்பாங்க."

"மேடையில சொல்ல தைரியம் வரல."

"அப்ப?"

"சொல்லாம இருக்கவும் முடியல."

சாலம்மாள் கீரைத் தண்டை முறித்துப் போட்டாள். "மூணு வருஷமா எனக்காக மதருகிட்ட சண்ட போடறேன்னு சொல்லிக்கிற. நான் கேட்டனா? எனக்கு அந்த மேடையும் வேணாம், சால்வையும் வேணாம். இந்தப் பின்னறையில இனிமே எத்தன பேர வெக்க முடியும்? ஹாஸ்டல் தெறந்துட்டாங்க. உங்க ஊருப் பொண்ணுங்களுக்கு எடம் கேக்கறது யாரு? நீதான கேக்கணும்? இன்னிக்கி அவங்க மொகத்துல அடிச்சிட்டு நாளைக்கி எப்படிப் போயி நிப்ப?"

மரியசெல்வி இன்னொரு பிடி கீரையை எடுத்தாள். அடுத்து நன்றியுரை என்று அறிவித்து, அவள் பெயரை ஒலிபெருக்கி கூப்பிட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டது. பிறகு மைக்கைக் கைமாற்றும் கரகரப்பு. மதரின் குரல் வந்தது. ஆண்டவருக்கு நன்றி, தலைவிக்கு நன்றி, இன்ஜினியருக்கு நன்றி, மின்சார வாரியத்துக்கு நன்றி. சாலம்மாள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

அன்று இருவரும் கீரைக் குழம்பு சாப்பிட்டார்கள்.

மறுவாரம் மரியசெல்வி ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மதரிடம் போனாள். போகும்போதே மதர் கேட்கப்போகும் கேள்விக்கெல்லாம் மனத்துக்குள் பதில் தயார் பண்ணிக்கொண்டு போனாள். மதர் ஒன்றும் கேட்கவில்லை. பெண்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாருக்கும் இடம் கொடுத்தார். புதுக் கட்டடத்தில் காற்று வரும் பக்கமாகவே கொடுத்தார். பெண்கள் பெட்டியோடு உள்ளே போனதும் மரியசெல்வியைப் பார்த்தார்.

"நன்றியுரைய நானே சொல்லிட்டேன்."

"கேட்டேன் மதர்."

"எங்கேர்ந்து?"

"சாலம்மாள் வீட்டுலேர்ந்து."

மதர் மேசைமேல் இருந்த சாவிக்கொத்தை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார். "அடுத்த கூட்டம் மே மாசந்தானே. அதுக்குள்ள சபையில புது மதர் வந்தாலும் வருவாங்க. அந்தப் பொண்ணக் கூப்பிடறதப் பத்தி அவங்ககிட்ட கேட்டுப் பாரு" என்றார்.

மரியசெல்வி வெளியே வந்தாள். புதுக் கட்டடத்து வராந்தாவில் ஊர்ப் பெண்கள் பாய் விரிக்க இடம் பிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மாடியிலிருந்து, "டீச்சர், எங்க ரூமப் பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கையை ஆட்டிவிட்டு நடந்தாள். பஸ் வர இன்னும் வெகுநேரம் இருந்தது.